பதினாலா, பதினைந்தா

மூக்கண்டப்பள்ளியில் பெரிய ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் சந்தில், ஒரு புங்கமரத்தடியில் இருக்கிறது அந்தப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. பழைய டயர் ஒன்றில் வெள்ளை பெயின்ட்டால் 'பஞ்சர்' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி மரத்தில் மாட்டியிருக்கிறார்கள். என் ஸ்கூட்டரின் பின் டயரில் ஆணி. எனக்கு முன்னால் இரண்டு வண்டிகள். மரப்பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்று மத்தியானம் நான் பேசியது இரண்டே சொல்: வந்ததும் 'பஞ்சர்', கிளம்பும்போது 'எவ்வளவு'.

மணி இரண்டரை இருக்கும். சிப்காட்டில் காலை ஷிப்ட் விட்டிருந்தது. கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கும் நீலச்சட்டைகள், சாம்பல்சட்டைகள். மூடாக்கு போட்ட வானம். ஓசூர் ஏறக்குறைய 3000 அடி உயரத்தில் இருக்கிற ஊர். கொஞ்சம் மேகம் வந்தாலே கை தேய்த்துக்கொள்ளச் சொல்லும். மெக்கானிக் அரைக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தார். அது ஒரு காலத்தில் பச்சை நிறம் என்பது அக்குளைப் பார்த்தால்தான் தெரியும்.

மரத்துக்குப் பின்னால் ஒரு சுசுகி சாமுராய், டாங்கி இல்லாமல், சீட்டு இல்லாமல், எலும்புக்கூடாக நின்றது. இதே ஊரில் பிறந்த வண்டி. டி.வி.எஸ். 50 என்ற மொபெட் 1980இல் இங்கிருந்துதான் போனது. 1984இல் சுசுகியோடு சேர்ந்து 100 சி.சி. மோட்டார் சைக்கிள், 2001இல் அந்தக் கூட்டும் பிரிந்தது. அதே 1980இல் அசோக் லேலண்டும் இங்கே லாரி செய்ய வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் கடிகாரமும் வந்துவிட்டது. யோசித்தால் இது பல் செய்கிற ஊர். கடுகுக்குள் அடங்குகிற பல்லும் இங்கே வெட்டுகிறார்கள், லாரி கியர் பாக்ஸுக்குள் உட்காருகிற பல்லும் வெட்டுகிறார்கள். வெட்டுவது ஒரு பக்கம், தேய்ந்ததைக் கழற்றுவது இன்னொரு பக்கம். நான் உட்கார்ந்திருந்தது இரண்டாவது பக்கத்தில்.

சத்தம்தான் முதலில் வந்தது. 'கட... கட... கடக்' என்று, உரலுக்குள் கல் அகப்பட்டதுபோல். பிறகு வண்டி வந்தது. கறுப்பு ஸ்பிளெண்டர். டாங்கியில் இன்னும் 'ஹீரோ ஹோண்டா' என்ற இரட்டைப் பெயர். அவர்கள் பிரிவதாக முடிவெடுத்தது 2010 டிசம்பரில். நம்பர் டி.என். 29 என்று தொடங்கியது, தருமபுரிப் பதிவு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கும் முந்தின வண்டி. ஓட்டிவந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கழுத்தில் அடையாள அட்டை. பின்னால் அப்பா. வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு. இறங்கியதும் அவர் வண்டியைத்தான் பார்த்தார். மகன் மெக்கானிக்கைப் பார்த்தான்.

"சின்ன ஸ்பாக்கெட் மட்டும் மாத்தணும் மேஸ்திரி" என்றார் அப்பா.

புத்தகத்தில் அதற்கு ஸ்பிராக்கெட் என்று பெயர், பல்சக்கரம் என்று மொழிபெயர்ப்பும் உண்டு. பட்டறையில் ஸ்பாக்கெட்தான். இஞ்சினிலிருந்து வெளியே வருகிற தண்டில் உட்கார்ந்திருப்பது சின்னது. பின்சக்கரத்தில் இருப்பது பெரியது. நடுவில் செயின்.

மெக்கானிக் பதில் சொல்லவில்லை. வண்டியை டபுள் ஸ்டாண்டில் ஏற்றினார். செயின் கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதை நகத்தால் நெம்பிக் கழற்றி, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுச் செயினை மேலும் கீழும் அசைத்தார். கண் எங்கோ ரோட்டில் இருந்தது. நாடி பார்க்கிற வைத்தியர்களும் அப்படித்தான் வேறெங்கோ பார்ப்பார்கள். விரலை எடுத்துத் துணியில் துடைத்துக்கொண்டு, "எவ்ளோ நாளா இந்தச் சத்தம்?" என்றார்.

"பொங்கலுக்கு முன்னாடியிருந்து" என்றான் மகன்.

"தீபாவளிக்கு முன்னாடி" என்றார் அப்பா.

நம் ஊர் வண்டிகளில் செயினை முழுக்க மூடி வைத்திருக்கிறோம். புழுதிக்காகவும், பின்னால் ஒருக்களித்து உட்காருகிறவர்களின் சேலை முந்தானைக்காகவும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூடினது கண்ணுக்குத் தெரியாது. உள்ளே பல் தேய்வதை யாரும் பார்ப்பதில்லை. காது சொன்னால்தான் உண்டு. இந்த வீட்டில் இரண்டு காதுகள் இரண்டு பண்டிகையைச் சொல்லின.

கியர் லீவரைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருந்த மூடியின் போல்ட்டுகளை எடுத்தார். மூடி உடனே வரவில்லை. ஸ்குரூ டிரைவரின் பிடியால் இரண்டு தட்டு. வந்தது. உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. கிரீஸும் மண்ணும் செயின் ஆயிலும் வருஷக்கணக்காகச் சேர்ந்து கருப்பட்டிபோல இறுகிக் கிடந்தது. ஸ்குரூ டிரைவர் முனையால் தோண்டித் தோண்டி எடுத்தார். கீழே விரித்திருந்த சிமென்ட் சாக்கில் பொத் பொத்தென்று விழுந்தது. அதை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்து அப்பாவிடம் நீட்டினார். "இது கிரீஸ் இல்லண்ணா, சாணைக்கல்லு." அப்பாவும் தேய்த்துப் பார்த்தார். நறநறவென்றிருந்ததை அவர் முகம் சொன்னது.

பட்டறைப் பையன் ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய் கொண்டுவந்தான். பிரஷ்ஷால் அடித்ததும் பல் தெரிந்தது.

பதினாலு பல். ஒவ்வொன்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, முனை கூராகி, நடுப்பள்ளம் அகன்று கிடந்தது. புதிதாக இருக்கும்போது பல் இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் சரியும். இதில் ஒரு பக்கம் மட்டும் குழிந்து கருக்கரிவாள் மூக்குபோல வளைந்திருந்தது. "கொக்கியாயிடுச்சு" என்றார் மெக்கானிக். மகன் செல்போனை எடுத்து ஒரு படம் பிடித்தான்.

சின்னதுதான் சீக்கிரம் போகும். பையன் எண்ணிச் சொன்னான், பின்னால் 42. அப்படியென்றால் பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற முன்னால் இருக்கிற சின்னது மூன்று சுற்றுச் சுற்றுகிறது. பெரியதில் ஒரு பல் ஒரு தடவை உழைத்தால் சின்னதில் ஒரு பல் மூன்று தடவை உழைக்கிறது. வளைவும் சின்னதில்தான் கடுமை. செயினின் ஒவ்வொரு கணுவும் அதில் ஏறும்போதும் இறங்கும்போதும் முறுக்கென்று மடங்கியாக வேண்டும். பெரிய சக்கரத்தில் அது சாவகாசமாகச் சாய்ந்துகொள்ளும்.

இரண்டு போல்ட்டுகளை இளக்க மகனைப் பின் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். பின்சக்கரம் நின்றால் செயின் நிற்கும், செயின் நின்றால் ஸ்பாக்கெட் நிற்கும், போல்ட் மட்டும் திரும்பும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் 'டிக்' என்றது; இன்னொரு 'டிக்'. பிறகு நோஸ் பிளேயரால் செயின் லாக்கைத் தட்டி எடுத்தார். செயின் சரசரவென்று கவருக்குள்ளிருந்து நழுவிக் கையில் வந்தது. அதைப் படுக்கைவாட்டில், இரண்டு முனைக்கும் நடுவில் தாங்கல் இல்லாமல், பக்கவாட்டாகப் பிடித்துக் காட்டினார். புதுச் செயின் அப்படிப் பிடித்தால் விறைத்துக்கொண்டு நேராக நிற்கப் பார்க்கும். இது நடுவில் தொங்கி, செத்த சாரைப்பாம்புபோல் வளைந்தது.

"முன்னது மட்டும் மாத்தினா ஆகாதுண்ணா. இந்தச் செயின் புதுப்பல்ல ஆறே மாசத்துல தின்னுடும். செட்டாத்தான் போடணும்."

இது வியாபாரப் பேச்சு என்று நினைக்கத் தோன்றும். அப்பாவின் முகத்திலும் அந்த நினைப்பு ஓடியது. ஆனால் மெக்கானிக் சொன்னதில் பிசகு இல்லை. செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, இரும்பு நீளுவதில்லை. ஒவ்வொரு கணுவிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ். இரண்டும் ஒன்றையொன்று தேய்க்கின்றன. இந்த வகைச் செயினில் ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையே அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். கணுவுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் போதும், நூற்றுச் சொச்சம் கணு சேர்ந்து ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். அரை அங்குலத்துக்கு வெட்டிய புதுப்பல்லில் அரை அங்குலத்தைத் தாண்டிய செயின் ஏறினால் பள்ளத்தில் உட்காராது. பல்லின் முதுகில் ஏறும். ஏழெட்டுப் பல் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய பாரம் ஒற்றைப் பல்லில் இறங்கும். உருளை வைத்த இந்தச் செயினை மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு 1880இல் செய்து காட்டியதிலிருந்து இதே கதைதான்.

அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு வண்டியின் பக்கப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கன்னட நியூஸ் பேப்பர். பிரித்தால் உள்ளே ஒரு புது ஸ்பாக்கெட், எண்ணெய் மினுமினுப்போடு.

"பெங்களூரு ஜே.சி. ரோட்டுல வாங்கினேன். பதினஞ்சு பல்லு."

மகன் அப்பாவைப் பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் தெரியும்போல. "ஒத்து நைனா" என்றான், தெலுங்கில், தாழ்ந்த குரலில். வேண்டாம் என்று அர்த்தம். இந்த எல்லையில் வேண்டாம் என்பதற்கு மூன்று சொல் உண்டு. அதில் வீட்டுக்குள் சொல்கிற சொல்லை அவன் எடுத்தான்.

நான் அதற்குள் மனசில் ஒரு கணக்குப் போட்டு முடித்திருந்தேன். அப்பா விவசாயி, மல்லித்தழைக் கட்டையும் தக்காளிக் கூடையையும் பின்னால் கட்டி மேடேறியவர், அவருக்கு இழுவை வேண்டும், பதினாலு கேட்பார். மகன் தினமும் எல்லை தாண்டி பொம்மசந்திரா போகிறவன். அவனுக்கு ஓட்டம் வேண்டும், பதினைந்து கேட்பான். சிறுகதை எழுதுகிறவர்கள் எல்லாரும் போடுகிற கணக்குதான். தலைகீழாகப் போயிற்று.

"எதுக்குண்ணா பதினஞ்சு?" என்றார் மெக்கானிக். எரிச்சல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"வண்டி கத்துது மேஸ்திரி. ராத்திரி பத்து மணி ஷிப்ட் விட்டு இவன் வர்றப்ப, கெலமங்கலம் தாண்டி எங்க ஊர் திருப்பத்துலயே எனக்குக் கேக்குது. படுத்திருக்கிறேன், அலறிக்கிட்டு வருது. ஒரு பல்லு ஏத்துனா கத்தாம ஓடும்னு கடைக்காரர் சொன்னார்."

கடைக்காரர் சொன்னது சரிதான். முன்னால் ஒரு பல் கூடினால் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு 2.8க்கு ஒன்று ஆகும். முன்பு 50இல் ஓடிய அதே இஞ்சின் சுற்றில் வண்டி 53, 54இல் ஓடும். ஓட்டுகிறவன் 50ஐயே பிடித்துக்கொண்டால் இஞ்சின் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளும்.

மகன் இப்போது தமிழுக்கு வந்தான், மெக்கானிக் கேட்கட்டும் என்று. "அண்ணா, அத்திப்பள்ளியிலிருந்து சந்தாபுரா வரைக்கும் ட்ராபிக் உங்களுக்குத் தெரியும். செகண்ட், பஸ்ட், செகண்ட், பஸ்ட். பின்னாடி ஒரு ப்ரெண்டு வேற. பதினஞ்சு போட்டா கிளட்ச்சுலயே ஓட்டணும். ஒரு மாசத்துல கிளட்ச் பிளேட்டுக்கு உங்ககிட்டயே வருவேன்."

அதுவும் சரி. ஒரு பல் கூட்டினால் ஓட்டத்தில் கிடைப்பது இழுவையில் போகும்.

ஒரு டெம்போ வந்து நின்றது, கர்நாடகப் பதிவு. "குரு, ஸ்வல்ப ஏர் ஹாக்கி" என்றார் டிரைவர் கீழே இறங்காமலே. "எரடே நிமிஷ" என்றார் மெக்கானிக் தலையைத் திருப்பாமல். பையன் ஹோஸை இழுத்துக்கொண்டு போனான். டெம்போ போகிற வரைக்கும் அப்பாவும் மகனும் பேசவில்லை. மடியில் பிரித்த பேப்பருக்கு நடுவே பதினைந்து பல். சிமென்ட் சாக்கில் தேய்ந்துபோன பதினாலு.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. பகலில் போகும்போது மகன் சொல்கிற ரோடு. ராத்திரி திரும்பும்போது அப்பா கேட்கிற ரோடு. இரண்டும் ஒரே ரோடுதான். ராத்திரி பத்தரைக்கு அது காலியாக இருக்கும். இருபத்தைந்து வயதில் காலி ரோடு கிடைத்தால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்பாவின் தூக்கத்தைக் கெடுத்தது இஞ்சின் சத்தமில்லை. பதினைந்து பல்லில் சத்தம் வேண்டுமானால் குறையும், வேகம் குறையாது. சத்தம் குறைந்த தைரியத்தில் கூடவும் செய்யும். இதைச் சொல்லலாமா என்று ஒரு கணம் நாக்கு புரண்டது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த உரிமை இல்லை. என் டியூப்பைப் பையன் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தான், குமிழ் வந்தது. அதைப் பார்த்தேன்.

மெக்கானிக் சாக்கில் கிடந்த பழைய ஸ்பாக்கெட்டை எடுத்து, அறுந்த பாம்பாகக் கிடந்த செயினை அதன் மேல் போட்டு, கையாலேயே சுற்றிக்காட்டினார். ஒவ்வொரு பல்லிலும் உருளை ஏறி, கொக்கியில் மாட்டி, 'டக்'கென்று விழுந்தது. டக். டக். டக்.

"நீங்க கேக்கிற சத்தம் இதுண்ணா. இஞ்சின் கத்தல. பல்லு கத்துது."

அப்பா அந்த மூன்று 'டக்'கையும் உன்னிப்பாகக் கேட்டார். "அப்பப் பதினாலே போட்டாலும் சத்தம் போயிடுமா?"

"போட்டுக் காட்டறேன். போகலைன்னா பதினஞ்சு மாட்டறது பத்து நிமிஷ வேலை. ரெண்டு போல்ட்டுதானே."

பையன் ஸ்பேர் கடைக்குப் போய் செட்டு வாங்கிவந்தான். ரோலான் பெட்டி, கோயம்புத்தூர்ச் சரக்கு. பெட்டிக்குள் செயின், பெரியது, சின்னது. சின்னதில் பதினாலு பல். விலை ஆயிரத்துச் சொச்சம். மகன் போனை எடுப்பதற்குள் அப்பா சட்டைக்குள் கைவிட்டு நோட்டு எடுத்துவிட்டார்.

பின்சக்கர வேலை சீக்கிரம் முடிந்தது. ஆக்சிலை உருவி, சக்கரத்தை இறக்கி, ஹப் ரப்பர் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, பெரிய ஸ்பாக்கெட்டின் நட்டுகளை எதிரெதிராக முடுக்கி மறுபடி மாட்டினார். பையனே பாதி செய்தான்.

சின்னதைப் பையனிடம் விடவில்லை. தண்டில் நீளவாட்டில் வரி வரியாகப் பல் இருக்கும். அதை முதலில் துணியால் துடைத்து, கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு வரியிலும் ஓட்டினார். வரி மழுங்கியிருந்தால் புது ஸ்பாக்கெட் போட்டும் பயனில்லை. மழுங்கவில்லை. புதியதை அந்த வரிகளுக்கு நேராக வைத்துத் தள்ளினார், உள்ளே போனது. அதன் மேல் ஒரு தட்டு, லாக் பிளேட். அதற்கும் உள்பக்கம் அதே வரி. தட்டையும் தள்ளினார். தண்டில் ஓரிடத்தில் வரிகளை வெட்டி ஒரு பள்ளம் சுற்றிவரும். தட்டு அந்தப் பள்ளத்துக்கு வந்ததும் விரலால் கொஞ்சமே கொஞ்சம் திருப்பினார். திரும்பிய தட்டின் பல் இப்போது வரிக்கு நேராக இல்லை, வரியின் முகத்தில் மோதி நிற்கிறது. இனி இழுத்தாலும் வராது. திரும்பிய அதே இடத்தில் தட்டின் இரண்டு துளையும் ஸ்பாக்கெட்டின் இரண்டு துளையும் ஒன்றாகத் தெரிந்தன. அதில் இரண்டு போல்ட். அந்தத் தண்டில் நட்டு என்று எதுவுமே இல்லை. ஒன்றையொன்று திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் பூட்டு. யார் யோசித்ததோ, நல்ல மூளை.

மகன் குனிந்து ஸ்பாக்கெட்டைப் பிடித்து ஆட்டினான். உள்ளும் வெளியுமாக ஒரு நூலளவு ஆடியது. "ஆடுதேண்ணா?"

"ஆடணும். ஆடினாத்தான் பின்னாடி இருக்கிறதுக்கு நேரா அது தானே வந்து நிக்கும். இறுக்கிப் பிடிச்சா ரெண்டும் கோணலா இழுத்துக்கும்."

அப்பா இதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை.

செயினைக் கோத்து லாக் போட்டார். அந்த லாக் மீன்போல இருக்கும், ஒரு பக்கம் மூடினது, ஒரு பக்கம் வால்போலப் பிரிந்தது. மூடின தலை ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும். மாறிப் போட்டால் எங்காவது பட்டு வால் விரிந்து, ஓடும்போது லாக் கழன்றுவிடும். அவர் போட்டபின் ஒரு தரம் விரலால் தடவினார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு வண்டியில் உட்காரச் சொன்னார். ஆள் பாரத்தோடு பார்த்தால்தான் செயினின் தொய்வு சரியாகத் தெரியும். உட்கார்ந்தார். மெக்கானிக் செயினை நடுவில் அமுக்கி, தூக்கி, அட்ஜஸ்டரை அரைச் சுற்று திருகி, மறுபடி அமுக்கினார். "ஒரு அங்குலம் ஆடட்டும். இதுக்கு மேல இறுக்காதீங்க."

டபுள் ஸ்டாண்டில் போட்டு, ஸ்டார்ட் செய்து, டாப் கியருக்குக் கொண்டுபோய் ஆக்சிலரேட்டரை முறுக்கினார். பின்சக்கரம் காற்றில் சுற்றியது. ஆரக்கால்கள் மறைந்து வெறும் மினுக்கம் மட்டும் தெரிந்தது. அப்பா துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு குனிந்து, செயின் கவர் பக்கம் காதை வைத்தார். பட்டறையில் யாரும் பேசவில்லை. இஞ்சின் சத்தம் இருந்தது, தையல் மிஷின் மாதிரி. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

நிமிர்ந்தார். மகனைப் பார்க்கவில்லை. மெக்கானிக்கைப் பார்த்து, "சரி" என்றார்.

"அந்தப் பதினஞ்ச என்ன பண்றது?" என்று மகன் கேட்டான். "ஜே.சி. ரோட்டுல திருப்பி எடுப்பாங்களா?"

"பில்லு வாங்கல" என்றார் அப்பா.

மெக்கானிக் அதைக் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, "நல்ல சரக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். பக்கப்பையில் பழைய ஸ்பாக்கெட்டையும் செயினையும் போட்டுவிட்டிருந்தான் மகன், பழைய இரும்புக்காரனுக்கு. புதியதை அதோடு சேர்க்க அப்பாவுக்கு மனசில்லை. கன்னடப் பேப்பரில் மறுபடி சுற்றி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. சந்தின் மேட்டில் பஸ்ட், செகண்ட் என்று மகன் சிரமமில்லாமல் ஏற்றினான். திருப்பத்தில் எதிரே கம்பெனி பஸ். மகன் பிரேக் பிடித்தான். அப்பாவின் ஒரு கை சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது, இன்னொரு கை பையை அமுக்கிக்கொண்டது. சட்டை அந்தப் பக்கமாக இழுத்து, காலர் கோணலாகத் தொங்கியது.